தலைகீழ்ச் சொர்க்கம்

அமெரிக்காவில் 1999-இல் 8 பெண் குழந்தைகளுக்குத்தான் நெவேயா என்று பெயர். மறு ஆண்டு, ராக் பாடகர் சன்னி சாண்டோவல் எம்டிவி நிகழ்ச்சி ஒன்றில் தன் மகளின் பெயரைச் சொன்னார்: 'ஹெவன்' என்பதைத் திருப்பிப்போட்டது. ஊரே பிடித்துக்கொண்டது. 2010-இல் அந்நாட்டுப் பெண் பெயர்ப் பட்டியலில் 25-ஆம் இடம்.

சூட்சுமம் காதில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. என், ஈ, வி, ஏ, ஈ, எச். கடைசியிலிருந்து எழுத்துக்கூட்டினால்தான் சொர்க்கம் தெரியும். கூப்பிடும்போது வெறும் நெ-வே-யா. மரியா, சோஃபியா போல 'யா'வில் முடிவதால் புதுப்பெயர் என்ற கூச்சமே இல்லை. கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கென்னவோ பிடித்திருக்கிறது. நம் 'சொர்க்கம்' இந்த வேலைக்கு ஒத்துவராது, திருப்பினால் 'ம்கக்ர்சொ'. எந்தப் பாட்டி வாயில் நுழையும்?