கால்வாயில் இறங்காத சரக்கு

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பிள்ளைக்குக் காலில் புண் என்றால், தொடை இடுக்கைத் தொட்டுப் பார்த்து "நெறி கட்டியிருக்கு" என்று ஆயா சொல்லிவிடும். கிருமி நிணநீரோடு வந்து அங்கிருக்கும் கணுவில் மாட்டிக்கொண்டது என்று பொருள். மார்பகப் புற்றும் வாய்ப் புற்றும்கூடப் பெரும்பாலும் இந்த வழியைத்தான் பிடிக்கின்றன. எலும்பிலேயே பிறக்கும் புற்றோ அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது அபூர்வம்.

ஆஸ்டியோசார்கோமாவை எடுத்துக்கொள்வோம். வளர்கிற வயதுப் பிள்ளைகளின் முழங்காலை ஒட்டி வருவதுதான் அதிகம். "பந்து ஆடும்போது பட்டிருக்கும்" என்று எண்ணெய் போட்டு உருவியே சில வாரங்கள் ஓடிவிடும். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனால், வலி முழங்காலில் இருக்க, நெஞ்சையும் ஸ்கேன் எடுக்கிறார்கள். காரணம் ரத்தம். கட்டியிலிருந்து கழன்ற செல் சிரைக்குள் நழுவி, இதயம் வழியே போய், முதலில் சிக்கும் சல்லடை நுரையீரல். துறைமுகத்தில் நேரே கப்பலேறிவிட்ட சரக்குக்கு, எண்ணூர்ப் பக்கம் மெல்ல ஊரும் பக்கிங்ஹாம் கால்வாயில் என்ன வேலை?

எலும்புக்குள் நிணக்குழாயே கிடையாது, மேலுறையில்தான் உண்டு என்று பாடநூல்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. 2023-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் எலும்புக்குள்ளும் நுண்ணிய நிணக்குழாய்களைப் படம்பிடித்துக் காட்டினார்கள். பாடம் ஆட்டம் கண்டது. ஆனால் நோயாளிகளிடம் கண்ட கணக்கு மாறவில்லை. கணுவுக்குப் போவது நூற்றில் ஒரு சிலருக்கே.

அப்படிப் போனபின் நடப்பதுதான் என்னை மலைக்க வைக்கிறது. இந்தப் புற்றுச் செல்லின் தொழில் எலும்புக் கூழ் சுரப்பது. மெத்தென்ற கணுவில் குடியேறியும் தொழிலை விடுவதில்லை. அங்கேயும் எலும்பு கட்டுகிறது. எக்ஸ்ரேயில் சதைக்கு நடுவே வெள்ளையாகத் தெரியலாம். பாழாய்ப்போன நோய்தான், இருந்தாலும் என்ன ஒரு தொழில் பக்தி!

நிலை பிரிக்கும் அட்டவணையிலும் ஒரு நுட்பம் உண்டு. நுரையீரலுக்கு மட்டும் பரவியிருந்தால் 4 ஏ. பக்கத்துக் கணு ஒன்றில் இருந்தாலே, நுரையீரல் சுத்தமாக இருந்தாலும், 4 பி. தூரத்து நெஞ்சைவிட அருகிலுள்ள தொடை இடுக்குக்குக் கனம் அதிகம். நுரையீரல் முடிச்சுகளை அறுத்தெடுத்து, மருந்தும் ஏற்றிப் பல்லாண்டு பிழைத்தவர்கள் உண்டு. கணுவில் கண்டவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு.