இரவுப் பணிக்கும் தொழுவத்துக்கும் இடையே 40 கிலோமீட்டர்

கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு தொழுவம். நள்ளிரவு ஒரு மணி. பனிக்குடம் உடைந்து வெகுநேரமாகியும் கலப்பினப் பசு கன்று ஈனவில்லை. கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது. தலை உள்ளே திரும்பிக் கிடக்கிறது. மாட்டுக்காரர் ஒரு ‘குட்டியானை’ சரக்கு வண்டியைப் பிடித்து, நாலு பேரைக் கூட்டி மாட்டை ஏற்றி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கொல்கத்தா நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் கடந்து வேப்பேரிக்கு வர வேண்டும். அங்கே, சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில், மாட்டை முதலில் தொட்டுப் பார்ப்பவர் பெரும்பாலும் சுழற்சி முறையில் இரவுப் பணியில் இருக்கும் பயிற்சி மாணவராகத்தான் இருப்பார். இந்தச் சுழற்சிப் பணி நல்ல மருத்துவரை உருவாக்குகிறதா?

1903இல் தொடங்கிய கல்லூரி அது. இந்தியக் கால்நடை மருத்துவ மன்றத்தின் 2016ஆம் ஆண்டு விதிகள் நாலரை ஆண்டுப் படிப்புக்குப் பிறகு ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. முன்பு அது ஆறு மாதம்தான். காலம் கூடியது நல்லது. அதை எப்படிச் செலவிடுகிறோம் என்பதில்தான் நிறையும் குறையும் இருக்கின்றன.

முதல் நிறை, கை பழகுவது. கன்று ஈன்ற ஓரிரு நாளில் பால் காய்ச்சல் கண்ட பசு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். கால்சியத்தை நாளத்தில் மெல்ல ஏற்ற வேண்டும். வேகம் கூடினால் இதயம் நின்றுவிடலாம். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடி சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதை எந்த வகுப்பறையும் கற்றுத்தராது. படுத்த மாடு ஏப்பம் விட்டு, சாணம் போட்டு, தள்ளாடி எழுந்து நிற்பதைப் பார்த்த மாணவருக்கு அந்தப் பாடம் ஆயுசுக்கும் மறக்காது.

இரண்டாவது நிறை, யாரை முதலில் பார்ப்பது என்ற தெளிவு. வயிறு உப்பி மூச்சுத் திணறும் ஆடு, லாரி அடித்த தெருநாய், பார்வோ வைரஸ் நோய் கண்ட நாய்க்குட்டி மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால், உப்புசம் நிமிடங்களில் கொல்லும் என்பது உடனே நினைவுக்கு வர வேண்டும். தவறினால் திருத்த மூத்தவர் பக்கத்திலேயே இருப்பது இந்த முறையின் பெரிய பலம்.

குறைகளும் சின்னவை அல்ல. "தொண்டையில ஏதோ மாட்டிக்கிச்சு சார், எச்சிலா ஒழுகுது" என்று மாட்டைக் கொண்டுவருவார்கள். அது வெறிநோயாகவும் இருக்கலாம். தூக்கமில்லாத மாணவர் கையுறை போடாமல் வாய்க்குள் கைவிட்டால் ஆபத்து அவருக்குத்தான். அறிகுறி வெளிப்பட்டபின் வெறிநோய்க்கு மருந்தில்லை. ஆகவே முன்தடுப்பூசி போடாதவரை இரவுப் பணிக்கு அனுப்பவே கூடாது. ஓய்வு நேரமும் அப்படியே கட்டாயமாக வேண்டும். களைத்த கை மருந்தளவில் தவறும்.

அடுத்தது மனம். பிழைக்காத உயிரை வலியின்றி முடித்துவைப்பதையும், பணமில்லாதவரிடம் சிகிச்சைச் செலவைப் பேசுவதையும் மாணவர் தாமாகவே தட்டுத்தடுமாறிக் கற்கிறார். அதற்கும் பயிற்சி தேவை. விடிந்ததும் அந்த இரவைப் பற்றி உட்கார்ந்து பேச ஓர் ஆசிரியராவது வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, நகரத்து அவசரப் பிரிவு வந்து சேர முடிந்த விலங்குகளை மட்டுமே பார்ப்பதுதான். ஸ்கேனும் எக்ஸ்ரேயும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடத்தில் பழகிய மருத்துவர், நாளை தனியாளாக ஒரு கிராம மருந்தகத்தில் அமர்வார். அங்கே டார்ச் வெளிச்சத்தில், வெறும் தரையில், கயிறும் சோப்புத் தண்ணீரும் வைத்துக்கொண்டு கன்றைத் திருப்ப வேண்டியிருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை லாரிகள் ஓடும் சாலையோரத்தில் அடிபட்ட மாட்டுக்கு அந்த இடத்திலேயே ரத்தப்போக்கை நிறுத்த வேண்டியிருக்கும். இந்தப் பாடங்களுக்கு வேப்பேரியில் வாய்ப்பு குறைவு.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகள் தமிழ்நாட்டில் ஓடுகின்றன. பயிற்சியாண்டில் சில வாரங்களை அந்த ஊர்திகளுக்கு ஒதுக்கலாம். கவரைப்பேட்டை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் மூத்த மருத்துவர் ஒருவருடன் மாணவரை இரவிலும் நிறுத்தலாம். மாணவருக்கு ஊர் தெரியும். ஊருக்கு இரவில் ஒரு மருத்துவர் கிடைப்பார்.

இந்தச் சுழற்சிப் பணி தொடர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை; கால்நடை மருத்துவரைச் செதுக்குவதில் இதற்கு ஈடான பயிற்சி வேறில்லை. ஆனால் அது பாதுகாப்போடு நடக்க வேண்டும். தொழுவம்வரை நீள வேண்டும். ஈன முடியாமல் தவிக்கும் பசுவால் 40 கிலோமீட்டர் வர முடியாது. மாணவரால் போக முடியும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் கால்நடைத் துறையும் அதற்கு வழி செய்யட்டும்.