பலாகா பாடமும் அமீன் அல்கூலியின் விமர்சனமும்

மொழியியலும் தொடர்பியலும் இன்று பல்கலைக்கழகங்களில் தனித்தனித் துறைகள். அரபு அறிவு மரபிலோ இவ்விரண்டின் அடிப்படைக் கேள்விகளும் பலாகா எனும் சொல்வன்மைக் கலையினுள் ஒருங்கே அடங்கியிருந்தன. கி.பி. 868இல் மறைந்த அல்ஜாஹிள் தமது 'அல்பயான் வத்தப்யீன்' நூலில் கருத்தைப் புலப்படுத்தும் வழிகளை ஐந்தாக வகுத்தார். சொல், சைகை, விரல் கணக்கு, எழுத்து, வாய் பேசாத பொருளின் நிலை என்பன அவை. இத்துணை விரிந்த கலை, தனி வாக்கியத்தைக் கூறுபோடும் பாடமாகச் சுருங்கியது எவ்வாறு? இக்கேள்வியைக் கூர்மையாக எழுப்பியவர் கெய்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அமீன் அல்கூலி (1895–1966). 1947இல் வெளிவந்த அவரது 'ஃபன்னுல் கவ்ல்' இன்றும் மறுவாசிப்புக்கு உரியது.

அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி (மறைவு 1078) சொல்லின் சிறப்பைத் தனிச்சொல்லில் தேடவில்லை. சொற்கள் இலக்கணப் பொருளுக்கேற்ப இணையும் 'நள்ம்' எனும் கோப்பிலேயே கண்டார். வீட்டில் தீப்பற்றியது என்பதற்கும், வீடே பற்றி எரிந்தது என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு, மர்யம் அத்தியாயத்தின் 4ஆம் வசனத்தில் முதுமை சித்திரிக்கப்படும் அழகை அவர் விளக்கியுள்ள திறம் வியக்கத்தக்கது. பின்வந்த ஸக்காகி (மறைவு 1229) இக்கலைக்கு ஒழுங்கான வகைப்பாட்டை அளித்தார். கஸ்வீனி அதனைச் சுருக்கினார். தஃப்தாஸானி அச்சுருக்கத்திற்கு உரை வகுத்தார். அவரது 'முக்தஸருல் மஆனி' தர்ஸே நிஸாமி பாடத்திட்டத்தின் வழியே நம் அரபுக் கல்லூரிகள் பலவற்றையும் வந்தடைந்தது.

அல்கூலியின் குற்றச்சாட்டு இதுதான்: தர்க்கவியலின் பிடியில் சிக்கிய பலாகா, சுவையுணர்வை இழந்து வரையறைகளின் தொகுப்பாயிற்று; வாக்கியத்தைக் கடந்து முழுப் படைப்பையும் நோக்கவில்லை; கேட்போரின் உள்ளத்தை ஆராயும் உளவியலோடு உறவு கொள்ளவில்லை. முதலிரண்டும் பெரிதும் ஏற்கத்தக்கவை. ஒரு சூராவின் தொடக்கமும் முடிவும் எவ்வாறு இயைகின்றன என வினவினால், உவமையின் உறுப்புகளை மனனமாக ஒப்புவிக்கும் மாணவரும் திகைக்கிறார் அன்றோ!

மூன்றாவதில் அவர் மரபுக்கு உரிய நீதியை வழங்கவில்லை என்பதே நம் கருத்து. கேட்பவர் வெற்றுள்ளத்தினரா, ஐயமுற்றவரா, மறுப்பவரா எனப் பிரித்து, அதற்கேற்பச் செய்தியை உறுதிச்சொல் இன்றியோ, ஒன்றுடனோ, பலவற்றுடனோ கூறவேண்டும் என்பது ஸக்காகி வழியினரின் பால பாடம். சூழ்நிலையின் தேவைக்குப் பேச்சு பொருந்துவதே பலாகா என்பது கஸ்வீனியின் வரையறைச் சாரம். தொடர்பியல் வகுப்புகளில் முதலில் கற்பிக்கப்படும் ஷானனின் 1948ஆம் ஆண்டு மாதிரியுடன் இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொறியியல் நோக்கில் அமைந்த அக்கோட்பாடு, செய்தியின் பொருளைத் தன் எல்லைக்குப் புறத்தே நிறுத்தியது. கேட்பவரின் மனநிலையைப் பேச்சின் இலக்கணத்துக்குள்ளேயே வைத்தவர்கள் நம் முன்னோர்.

ஆகவே பழுது நூலில் இருப்பதைவிட, நூலைக் கற்பிக்கும் முறையிலேயே மிகுதி. 'மறுப்பவர்' என்ற சொல்லுக்கு இலக்கணம் எழுதி மதிப்பெண் பெறும் மாணவர், நாளை மிம்பரில் ஏறுகையில் எதிரே அமர்ந்திருப்போரில் ஐயமுற்ற இளைஞர் யார் என்று அறியாது, அனைவரிடமும் ஒரே குரலில் முழங்குகிறார். ஜும்ஆவுக்கு வந்த இளைஞர் ஐயத்தோடே வீடு திரும்புகிறார். இந்த இழப்பு தேர்வுத்தாளில் தெரிவதில்லை.

முஹம்மத் அப்துஹு (ரஹ்) அல்அஸ்ஹரில் ஜுர்ஜானியின் நூல்களைப் பாடமாக நடத்தி, அவை அச்சேறவும் வழிசெய்தார். அம்முன்மாதிரி நமக்குப் போதுமானது. 'முக்தஸரை' அகற்ற வேண்டியதில்லை. அதற்கு முன்பாக ஜுர்ஜானியின் சில பகுதிகளையும், அதற்குப் பின்பாக ஒரு முழு சூராவையோ ஒரு முழுச் சொற்பொழிவையோ ஆராயும் பயிற்சியையும் வைத்தால், வரையறைகள் உயிர்பெறும். மாணவர் பேசக் கற்பார். அதற்கும் முன்னதாக, எவரிடம் பேசுகிறோம் என்பதை அறியக் கற்பார்.