பத்து மணி முதல் நான்கு மணி வரை

மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் ஆண்டுதோறும் ஏடுகளுக்கு ஓர் அறிவிப்பை அனுப்புகின்றன. உள்பக்கத்து மூலையில், பத்து வரிச் செய்தியாக அது வெளிவருகிறது. கவிதையை ஆய்வோர் உண்டு; கதையை ஆய்வோர் உண்டு; இந்தப் பத்து வரியை எடுத்து வைத்துக்கொண்டு திறனாய்வு செய்வார் ஒருவரும் இல்லை. நாம் செய்து பார்ப்போமே, தோழர்களே! காவியங்கள் பல காட்டாத நாட்டு நிலையை இந்தப் பத்து வரி காட்டிவிடுகிறது.

அறிவிப்பு கூறுவது என்ன? குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை கற்பிக்கப்படும். மூன்றாண்டுப் பயிற்சி. 12 வயது முதல் 25 வயது வரையுள்ள இருபாலாரும் சேரலாம். நாதசுரம், தவில், தேவாரம் பயில எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மற்றவற்றுக்கு ஏழாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய். மாணவர்க்கு மாதம் 400 ரூபாய் உதவித்தொகை, பேருந்துச் சலுகை, அரசு விடுதியில் இடம். வகுப்பு நேரம் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை.

முதல்முறை படிப்பவர் மகிழ்வார். மகிழத் தக்கதுதான்! இன்ன குலத்தான் ஊதலாம், இன்ன குலத்தான் பாடலாம், இன்னார் திண்ணையருகேயும் வரலாகாது என்றிருந்த நாடு இது. அந்த நாட்டில், எவரும் வரலாம், வருவோர்க்குப் பணமும் தருகிறோம் என்று அரசு அழைப்பது சிறு செய்தியன்று. சேக்கிழாரையும் சிலம்பையும் ஈன்ற மொழிக்கு மேடையில் இடமில்லை என்றிருந்த நாளில், 1941இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. எந்த மொழியில் பாடுவது என்ற போர் அது. யார் பாடுவது, யார் கற்பது என்ற வழக்கு அதனோடு முடியவில்லை. அந்த வழக்கில் எளியோர் பக்கம் எழுதப்பட்ட ஒரு தீர்ப்பாகவே இந்த இசைப்பள்ளிகளைக் கருதலாம்.

ஆனால் இரண்டாம் முறை படியுங்கள். கடைசி வரியில் கண்ணை நிறுத்துங்கள். பத்து முதல் நான்கு வரை!

பன்னிரண்டு வயதுச் சிறுவன் காலை பத்து மணிக்கு எங்கே இருக்கிறான்? பள்ளிக்கூடத்தில். இருக்க வேண்டிய இடமும் அதுதான். இருபது வயது இளைஞன் எங்கே? கல்லூரியில், அல்லது ஆலையில். அப்படியானால் பன்னிரண்டிலிருந்து இருபத்தைந்துக்குள், காலை பத்து மணிக்கு வேறெங்கும் வேலையின்றி, படிப்புமின்றி இருப்பவன் எவனோ அவனுக்கே இந்த வாயில் திறந்திருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்டவன் வரலாம். தந்தை நாதசுரக்காரராக இருந்து, இதுவே பிழைப்பு என்று முடிவு செய்த வீட்டுப் பிள்ளை வரலாம். அவர்கள் வரட்டும், அவர்களால்தான் பல ஊர்களில் நாதசுரம் இன்னும் ஒலிக்கிறது. ஆனால் அரசு அழைத்தது அவர்களை மட்டுமா? எல்லாரையும் என்றல்லவா எழுதியிருக்கிறது!

ஏட்டை மூடிவிட்டு, காஞ்சிபுரம் மாவட்டத்துச் சாலைக்கு வருவோம். காஞ்சி நகரில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நயினாப் பிள்ளை பாடிய ஊர். இசைக்குப் பஞ்சமில்லாத ஊர். அங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கிழக்கே திருப்பெரும்புதூர். வழியில் சுங்குவார்சத்திரம், தெற்கே திரும்பினால் வல்லம் வடகால், ஒரகடம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உருளத் தொடங்கிற்று; 2010இல் ஒரகடத்திலும் கார் ஆலை எழுந்தது. இன்று இந்த நிலப்பரப்பில் காரும், லாரியும், மோட்டார் சைக்கிளும், உலகம் காதில் வைத்துப் பேசும் கைப்பேசியும் உருவாகின்றன. உருவாக்குவோர் யார்? பெரும்பாலும் அந்த அறிவிப்பு அழைக்கிறதே, அதே வயதினர்! பதினெட்டிலிருந்து இருபத்தைந்து. திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் தெற்கத்திச் சீமையிலிருந்தும், ஏன், வடநாட்டிலிருந்தும் வந்தவர்கள். ஷிப்டு முறை வேலை. கம்பெனி பஸ் ஏற்றிச் செல்கிறது, கம்பெனி பஸ் இறக்கி விடுகிறது.

அந்தப் பெண்ணிடம் சென்று கேட்டுப் பாருங்கள்:

“அம்மா, பாட ஆசை உண்டா?”

“உண்டு.”

“அரசு மாதம் 400 ரூபாய் தருகிறதே, தெரியுமா?”

“தருவார்கள். அந்த நேரத்தில் நான் லைனில் நிற்கிறேனே!”

நானூறு ரூபாயை வகுப்பு நாளுக்குப் பங்கிட்டால், ஒரு நாளைக்கு இருபது ரூபாய் தேறும். இருபது ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு நாள் கூலியை விடுபவள் எவளும் இருக்க முடியாது. பணம் தருகிறோம் என்கிறது அரசு. பொழுது இல்லை என்கிறாள் அவள். இருவரும் உண்மையே பேசுகின்றனர்; பேச்சு மட்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

நடுவணரசின் உதவியையும் பார்த்துவிடுவோம். 10 முதல் 14 வயதுச் சிறார்க்கு 1982 முதல் ஓர் உதவித்தொகை உண்டு. இந்தியா முழுமைக்கும் ஆண்டுக்கு 650 பேர். ஒரகடத்துக்கு அதில் எத்தனை துளி விழும் என்று எண்ணிக்கொள்க. 18 முதல் 25 வயது இளங்கலைஞர்க்கு மாதம் 5000 ரூபாய், ஈராண்டு காலம். தொகை பெரிது! நிபந்தனையைப் படியுங்கள்: விண்ணப்பிப்பவர் ஏற்கெனவே ஐந்தாண்டு ஒரு குருவிடமோ நிறுவனத்திலோ பயின்றிருக்க வேண்டும். கரை சேர்ந்தவனுக்குத் தோணி! அந்த முதல் ஐந்தாண்டுக்குச் சம்பளம் கட்டியவர் யார், வீணை வாங்கித் தந்தவர் யார், ஆசிரியர் வீட்டுக்கு அழைத்துச் சென்றவர் யார்? வசதியுள்ள தந்தை. அவர் ஐந்தாண்டு செலவழித்த பின், ஆறாம் ஆண்டு அரசு வந்து கைகொடுக்கிறது. தேர்ந்த கலைஞரை வளர்க்க அப்படியொரு திட்டம் இருக்கட்டும், மறுக்கவில்லை. இல்லாதவர்க்கு இசையைத் தரும் திட்டம் என்று மட்டும் அதைக் கூற வேண்டாம்.

இந்த இடத்தில் நம் தோழர் ஒருவரே குறுக்கிடுவார். “கூலி உயர்வுக்குப் போராடுகிறவனிடம் போய்க் கீர்த்தனையா பேசுகிறீர்? வயிறு முதலில், வயலின் பிறகு!” என்பார். சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பரில் தொடங்கி, சங்கம் அமைக்கும் உரிமைக்காக ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்த மண்ணில் இக்கேள்வி எழுவது முறையே. ஆனால் தோழர் ஒன்றை மறந்துவிடுகிறார். எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள், எட்டு மணி உறக்கமும் கேட்டார்கள். மிச்சமுள்ள எட்டு மணியைத் தமக்கென்று கேட்டார்கள். அந்த மூன்றாவது எட்டு மணி எதற்காம்? சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கவா? சிங்காரவேலர் சென்னையில் மே நாள் கொண்டாடியது 1923இல். சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழிசெய்யும் சட்ட முன்வரைவு நமது சட்டமன்றத்திலேயே நிறைவேறிற்று! எதிர்ப்பு எழுந்தது, மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. பெறப்படாதிருந்தால், ஒரகடத்து இளைஞனுக்கு எவ்வளவு உதவித்தொகை கொடுத்தாலும் ஒரு சுரம் கூட ஏறியிராது. கூலிப் போராட்டமும் பாட்டுப் பள்ளியும் வேறு வேறு என்பவர், பொழுது என்பதன் விலையை எண்ணிப் பார்க்காதவர்.

ஆலையும் இசையும் பகை என்பது கட்டுக்கதை. இங்கிலாந்தில், யார்க்‌ஷையரில், குவீன்ஸ்பரி என்ற சிற்றூரில் பிளாக் டைக் என்றொரு துணி ஆலை. 1855இல் ஆலை முதலாளி ஜான் பாஸ்டரின் ஆதரவில் அங்கே ஒரு பித்தளைக் குழல் இசைக்குழு அமைந்தது. ஆலைத் தொழிலாளரே வாசித்தனர். அதே ஆலையில் நெய்த துணியில் அவர்களுக்குச் சீருடை தைத்தனர். முதலாளி வள்ளலாகிவிட்டார் என்று நான் கூறவில்லை. தொழிலாளி சாராயக்கடைக்குப் போகாமலிருப்பது தமக்கும் இலாபம் என்று அந்நாட்டு ஆலையதிபர் பலர் கணக்குப் போட்டார்கள். கணக்கு அவர்களுடையது, இசை தொழிலாளியுடையதாயிற்று. ஆலைக் காலம் போயிற்று, அந்தக் குழு இன்றும் வாசிக்கிறது. வெனிசுவேலாவில் 1975இல் ஆப்ரியூ தொடங்கிய இயக்கமோ இன்னும் தெளிவானது: பள்ளி விட்ட பின், குடியிருப்பின் அருகிலேயே, குழந்தை கையில் கருவியைக் கொடுத்துக் கூட்டமாகக் கற்பிப்பது. இரண்டு இடத்திலும் பணம் மாணவனின் பைக்குள் போகவில்லை. ஆசிரியராக, கருவியாக, கூடமாக மாறி அவன் வீட்டு வாசலுக்கு வந்தது.

இங்கே பணத்துக்கா பஞ்சம்? 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதற்குரிய ஏழாம் அட்டவணையில் கலை, பண்பாடு, மரபுக் கலை வளர்ச்சி ஆகியவையும் இடம்பெற்றுள்ளன. மந்திரத்தை மறைத்து வைக்காமல் கோபுரமேறி ஊரறியச் சொன்னார் என்று ஒருவரைப் பற்றிக் கதை சொல்கிறார்களே, அவர் பிறந்த ஊர் திருப்பெரும்புதூர். கதை மெய்யோ, பொய்யோ. அந்த ஊரைச் சுற்றி இத்தனை கம்பெனிகள் இருந்தும் சரிகமபதநி என்ற ஏழெழுத்து மறைபொருளாகவே இருப்பானேன்?

மாலை வகுப்பு நடவாத காரியமும் அன்று. கலை பண்பாட்டுத் துறையே அண்மை ஆண்டுகளில் பல மாவட்டங்களில் பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சியை, வாரத்தில் இரு நாள் மாலையில், தொடங்கியிருக்கிறது. இசைப்பள்ளியின் ஏழு பாடங்களில் இடம்பெறாத பறைக்கும் இந்த மாலை வகுப்புகள் சிலவற்றில் இடம் கிடைத்திருக்கிறது. நல்ல தொடக்கம். பறைக்குக் கிடைத்த மாலைப்பொழுது வயலினுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? காஞ்சியில் மட்டும் ஏன், ஒரகடத்தில் ஏன் கூடாது? ஒரே நேரம் என்று வைத்தாலும் ஷிப்டு மாறும்போது வகுப்புத் தவறும். ஆகவே காலையில் ஒரு வகுப்பு, மாலையில் அதே பாடம் இன்னொரு வகுப்பு என்று இரட்டையாக வைக்க வேண்டும். கருவியைப் பள்ளியிலேயே வைத்துப் பயில விட வேண்டும். விடுதி அறையில் நால்வரோடு படுத்திருப்பவள் வயலினை எங்கே வைப்பாள்? 25 என்ற வயது வரம்பு மாலை வகுப்புக்கு எதற்கு? முப்பது வயதில் பாடக் கற்றால் தொண்டை வெடித்துவிடுமா!

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் பெண் தொழிலாளர்க்குக் குடியிருப்பு திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். ஒரு சிறு நகரம்! அங்கே ஒரு கூடம், இரண்டு ஆசிரியர், பத்துக் கருவிகள் வேண்டும் என்ற விண்ணப்பத்தை எழுதத் தொழிற்சங்கங்களுக்கும் நமது மன்றங்களுக்கும் எவருடைய அனுமதியும் தேவையில்லை. அடுத்த சேர்க்கை அறிவிப்பு ஏட்டில் வருவதற்குள் அது காஞ்சி மாவட்ட ஆட்சியர் மேசைக்குப் போய்ச் சேரட்டும்.