நாகை வட்டாரத்துக் கூட்ட மரபுகள்

பொதுக்கூட்டத்தின் தரத்தைப் பேச்சாளரின் நாவன்மையை வைத்தே அளந்து பழகிவிட்டோம். நாகை அவுரித் திடலில் யார் பேசினார், எத்தனை மணி நேரம் பேசினார், எவ்வளவு கூட்டம் என்பதுதான் மறுநாள் டீக்கடையில் பேச்சாகிறது. நாகை வட்டாரத்தின் நீண்ட அனுபவத்துக்கு அந்த அளவு போதாது. கூட்டத்தில் யாருக்கு உட்கார இடம் கிடைத்தது, கலைந்த பிறகு என்ன எழுத்தில் நின்றது என்று கேட்டால்தான் இங்கே வளர்ந்த பல மரபுகளின் ஏற்றத்தாழ்வு விளங்கும்.

மூத்தது சமயப் பிரசங்க மரபு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, தமிழிலேயே பிரசங்கம் செய்தார். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, முன்பின் அறியாதவர்களைப் பார்த்துத் தொடர்ந்து பேசும் அந்த முறையைச் சைவத்துக்காகக் கைக்கொண்டவர் ஆறுமுக நாவலர். 1847ஆம் ஆண்டின் கடைசி நாளில் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் அதைத் தொடங்கினார். தமிழ்நாட்டுச் சைவ சபைகளும் பிறகு அந்த வழியில் நடந்தன. நாகை வெளிப்பாளையத்துச் சைவ சபையில் சோமசுந்தர நாயகர் ஆற்றிய உரைகள் அந்நாளில் பெரிய வாதப் பிரதிவாதங்களைக் கிளப்பின. 1876இல் நாகையில் பிறந்து, பின்னாளில் மறைமலையடிகள் எனப் பெயர் பெற்ற இளைஞர் வேதாசலம், நாயகரை மறுத்தவர்களுக்கு உள்ளூர் இதழான நீலலோசனியில் பதில் எழுதினார். மேடையில் சொன்னது அச்சில் மறுக்கப்படும், மறுப்புக்கும் மறுப்பு வரும் என்னும் ஒழுக்கம் அந்த மரபின் பெருமை. அதே ஒழுக்கம் படித்தவர்களுக்குள்ளேயே நின்றுபோனது அதன் குறை.

கதாகாலட்சேபத்தையும் இங்கே சேர்க்கத்தான் வேண்டும். நாகைக்கு அருகே நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் 1861இல் அச்சேறியது. சிதம்பரம் போக ஆண்டையிடம் அனுமதி கேட்டுக் கெஞ்சும் பண்ணையாளின் கதையை, பண்ணையாள் வைத்திருந்த மிராசுதார்களே உட்கார்ந்து கேட்டார்கள், கண்ணீரும் விட்டார்கள். அந்தப் பந்தலுக்குள் நந்தனின் வம்சத்தாருக்கு இடமில்லை. இதைவிடக் கூர்மையாக அந்தக் காலத்துச் சபைகளின் எல்லையைக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

தேசிய இயக்கம் பந்தலைப் பிரித்துத் திடலுக்கு வந்தது. 1919 மார்ச்சில் காந்தி நாகையில் பேசினார். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடத்திய உப்பு யாத்திரை, தங்கிய ஊர்களையெல்லாம் கூட்ட மேடைகளாக்கியது. தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தும் கூட்டம் குறையவில்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே நாகை ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள் வேறொரு வகைக் கூட்டத்தைப் பழகியிருந்தார்கள். பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றுவதையும் அதோடு வந்த ஆட்குறைப்பையும் எதிர்த்து 1928இல் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான சிங்காரவேலர் சிறை சென்றார். பட்டறையும் போய்விட்டது. வேலைநிறுத்தம் தோற்றது. ஆனாலும் வேலை செய்யும் இடத்தின் வாசலிலேயே கூடிப் பேசலாம் என்ற துணிவு இந்த ஊரில் தங்கிவிட்டது.

சுயமரியாதை இயக்கத்தின் கொடையாக நான் எண்ணுவது கேள்விச் சீட்டை. எதிர்ப்பவர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளைப் பெரியார் மேடையிலேயே படித்துப் பதில் சொல்வார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மாயவரம் வட்டாரத்தில் தேவதாசி முறைக்கு எதிராகப் பேசியபோது, அந்த முறையில் வாழ்ந்த குடும்பங்களைப் பார்த்தே பேசினார், அவர்களுடைய எதிர்ப்பையும் நேரிலேயே ஏற்றார். 1938இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையிலும் அவர் இருந்தார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்ததை அம்மையார் தம் வாழ்நாளிலேயே கண்டார். திராவிட மேடை பின்னர் அடுக்குமொழிக்கும் அலங்காரத்துக்கும் பேர்போனது. நாகூர் ஈ. எம். ஹனிபாவின் குரல் எழுந்தால் திடல் நிறையும். அந்த அழகை நானும் மதிக்கிறேன். ஆனால் கேள்விச் சீட்டு மேடைக்குப் போவது மெல்ல மெல்ல நின்றது பெரிய இழப்பு.

எல்லா மரபுகளிலும் நான் தலையாயதாகக் கருதுவது விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தை. 1943இல் மன்னார்குடி பக்கத்துத் தென்பரையில் சங்கக் கொடி ஏறியது. அதை முன்னின்று நடத்திய பி. சீனிவாச ராவ் கன்னடம் பேசும் குடும்பத்திலிருந்து வந்தவர். அவருடைய தமிழ் மேடைத் தமிழே இல்லை. அவர் சேரிக்குள் போய், சேரியில் சாப்பிட்டு, சேரியிலேயே படுத்து, மக்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பேசினார். பகலெல்லாம் பண்ணை வேலை என்பதால் கூட்டம் இரவில்தான் கூடும். அடிக்கு என்ன செய்வது, சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலுக்கு என்ன செய்வது, கூலிநெல்லை எந்த மரக்காலால் அளப்பது என்பவைதான் அங்கே பேசப்பட்ட பொருள்கள். கூட்டத்தில் பேசியது பேச்சுவார்த்தை மேசைக்குப் போயிற்று. 1944இல் மன்னார்குடியில் மிராசுதார்களும் சங்கமும் அதிகாரிகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், சாட்டையடியும் சாணிப்பாலும் கூடாது என்பது எழுத்தில் வந்தது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது முதலமைச்சராக இருந்தவர், இதே வயல்வெளிகளின் வழியே உப்புக்காக நடந்த ராஜாஜி.

இந்தச் சங்கக் கூட்டங்களை நடத்திய மணலூர் மணியம்மையின் பெயரை இங்கே பதியாமல் விடக்கூடாது. இளம் வயதில் கைம்பெண்ணான அவர் முடியைக் கத்தரித்து, வேட்டியும் சட்டையும் அணிந்து, சைக்கிளில் சேரி சேரியாகப் போய்க் கூட்டம் நடத்தினார். பிறந்த அக்கிரகாரம் அவரை விலக்கியது, உழைக்கும் மக்கள் அம்மா என்று அழைத்தார்கள். ராஜம் கிருஷ்ணன் அவர் வாழ்க்கையைப் ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலாக்கினார்.

கூடிப் பேசும் உரிமைக்கு இந்த மாவட்டம் கொடுத்த விலை கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டதோடு, செங்கொடியை இறக்கிவிட்டு மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர மறுத்ததும் அந்த ஊர் விவசாயத் தொழிலாளர்கள் செய்த ‘குற்றம்’. 1968 டிசம்பர் 25 இரவு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

கடற்கரையில் வேறு மரபு. மீனவக் கிராமப் பஞ்சாயத்தில் பேச்சாளர் என்று தனியாக யாரும் இல்லை, ஊரே பேசும். தலைமைக் கிராமமான அக்கரைப்பேட்டையில் பல ஊர்ப் பஞ்சாயத்தார் கூடிச் சுருக்குமடி வலை பற்றி முடிவெடுத்தால், அதை மீறித் தொழிலுக்குப் போவது எளிதல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்த மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த வாரங்களில் நிவாரணப் பொருள்களை ஊருக்குள் பங்கிட்டதும் கணக்கு வைத்ததும் பெரும்பாலும் இந்தப் பஞ்சாயத்துகள்தாம். அந்தக் கட்டுப்பாட்டை வியக்கலாம். ஆனால் பஞ்சாயத்துக் கணக்கு ஊர்வரி கட்டும் ஆண்களின் கணக்கு. கணவனை இழந்த பெண்கள் பல இடங்களில் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

இந்தக் குறைகளையெல்லாம் சட்டத்தால் தீர்க்க வந்தது கிராம சபை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். சாதியோ வரியோ ஆண் பெண் பேதமோ குறுக்கே நிற்காது. டெல்டா இதை நன்றாகவே பயன்படுத்தியது. மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசி வந்த இயற்கை விவசாயி நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அந்தப் பயணத்தின் நடுவிலேயே மறைந்தார். பின்னர் ஹைட்ரோகார்பன் திட்டம் வந்தபோது பல ஊராட்சிகள் கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் எழுதின. 2020 பிப்ரவரியில் நாகையையும் சேர்த்துப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததில் அந்தத் தீர்மானங்களுக்கும் பங்குண்டு. ஏற்கெனவே இயங்கிவரும் எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கிராம சபைக்கான குறைவெண் வரம்பு 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணை எட்டுவதற்காக நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அழைத்து உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. கூட்டம் பெரும்பாலும் காலை 11 மணிக்கு. அது கூடும் நாள்களில் அக்டோபர் 2 சம்பா விதைப்பும் நடவும் நடக்கும் காலம், ஜனவரி 26 அறுவடைக் காலம். வயலில் நிற்கும் பெண்கள் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள்? நாகை மாவட்டத்து ஊராட்சிகள் நேரத்தை மாலைக்கு மாற்றட்டும். சென்ற கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தை முதலில் உரக்கப் படித்து, ஒவ்வொன்றும் என்ன ஆயிற்று என்று தலைவரும் செயலரும் சொன்ன பிறகே புதிய பொருளுக்குப் போகட்டும். வரும் நவம்பர் 1, உள்ளாட்சி நாள் கூட்டத்திலேயே இதைத் தொடங்கலாம்.