வராத பெருந்தொற்றின் வழக்கு

ரிச்சர்ட் நியூஸ்டாட், ஹார்வி ஃபைன்பெர்க் இருவரும் 1978இல் அளித்த பன்றிக் காய்ச்சல் அறிக்கை, அரைகுறைச் சான்றுகளோடு முடிவெடுக்க நேரும் அரசுகளைப் பற்றிய ஆய்வுகளில் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. முன்னவர் அரசியல் அறிஞர், பின்னவர் மருத்துவர். அந்த இணைப்பே அறிக்கையின் முதல் பலம்.

நிகழ்வுகள் தெரிந்தவை. 1976 பிப்ரவரியில் நியூ ஜெர்சியின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில், 1918ஆம் ஆண்டுக் கொள்ளைநோயை நினைவூட்டிய வைரஸ் தென்பட்டது. ஒரு வீரர் இறந்தார். மார்ச் 24 அன்று அமெரிக்கர் அனைவருக்கும் தடுப்பூசி என்று அதிபர் ஃபோர்டு அறிவித்தார். அக்டோபரில் தொடங்கிய திட்டம் 4 கோடிப் பேரைக் கடந்தது. கில்லன்-பாரே நரம்புப் பாதிப்பு பற்றிய ஐயத்தால் டிசம்பர் 16 அன்று நிறுத்தப்பட்டது. பெருந்தொற்று வரவேயில்லை.

அறிக்கை குற்றவாளியைத் தேடவில்லை. முடிவு எப்படி வடிவம் பெற்றது என்று தேடுகிறது. அதன் கூர்மையான கண்டுபிடிப்பு, இரண்டு முடிவுகள் ஒன்றாக ஒட்டப்பட்டன என்பது. தடுப்பூசி தயாரிப்பைத் தள்ளிப்போட முடியாது. முட்டைகளில் வைரஸை வளர்க்க மாதங்கள் ஆகும். அதை மக்களுக்குச் செலுத்துவது பற்றிக் காத்திருந்து முடிவு செய்திருக்கலாம். தயாரித்து இருப்பில் வைக்கும் யோசனையை ஆலோசனைக் குழுவில் ரஸ்ஸல் அலெக்சாண்டர் எழுப்பினார், அது நிலைபெறவில்லை. ஊசி மக்களைச் சென்றடையும் முன் காய்ச்சல் பரவிவிடும் என்ற மறுப்பு அற்பமானதன்று. ஆயினும் எந்தச் சான்று வந்தால், அல்லது வராவிட்டால், திட்டத்தை மறுபரிசீலனை செய்வது என்று எவரும் முன்கூட்டி வரையறுக்கவில்லை. வல்லுநர்கள் தனித்தனியே மனத்தில் வைத்திருந்த வெவ்வேறு மதிப்பீடுகள் ‘நடக்கக்கூடும்’ என்ற ஒரே சொல்லுக்குள் மறைந்துபோயின. இப்பகுதியில் அறிக்கையின் தருக்கம் பிசகற்றது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நடந்து முடிந்ததன் வெளிச்சத்தில் தீர்ப்பளிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை ஆசிரியர்களுக்கு உண்டு. ஆனால் அவர்கள் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் முடிவு தெரிந்தவரின் சாய்வு படிந்திருக்கிறது. தொற்று வந்திருந்தால், அவர்கள் மிகைநம்பிக்கை என்று குறிப்பதையே தொலைநோக்கு என்று போற்றியிருப்போம். வீணான தடுப்பூசியின் விலையையும் கிடைக்காத தடுப்பூசியின் விலையையும் அவர்கள் ஒரே தராசில் நிறுத்தவில்லை. அன்றைய நோய்த்தடுப்பு மையத்தின் தலைவர் டேவிட் சென்சர், 2006இல் சக அதிகாரி மில்லருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அந்த முடிவை நியாயப்படுத்தினார். மார்ச் முடிவைப் பொறுத்தவரை அவர் வாதத்தில் எடையுண்டு. தென்னரைக்கோளத்தின் குளிர்காலம் தொற்றில்லாமல் கழிந்த பின்னும் திட்டம் அதே வேகத்தில் நடந்ததற்கு அந்த வாதம் போதாது.

ஆகவே மார்ச் மாதத்தைப் பற்றிய அறிக்கையின் கண்டனம் அளவு மீறியது. அதன்பின் வந்த மாதங்களைப் பற்றிய கண்டனம் முழுமையாக நிற்கிறது. 2009இல் எச்1என்1 பரவியபோது, அமெரிக்க அரசு தடுப்பூசித் தயாரிப்பையும் அதைச் செலுத்துவதையும் தனித்தனி முடிவுகளாகவே எடுத்தது.