அணுக்கரு ஆய்வில் செவ்வியல் மூலக்கூறு இயங்கியல்: ஒரு மதிப்பீடு

அணுக்கரு மோதல்களையும் நியூட்ரான் விண்மீன் மேலோட்டின் பொருண்மையையும் ஆராயச் செவ்வியல் மூலக்கூறு இயங்கியல் பயன்படுத்தப்படுகிறது. இம்முறையில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் புள்ளித் துகள்களாகக் கொள்ளப்பட்டு, அவற்றின் பாதைகள் நியூட்டனின் விதிகளின்படி கணிக்கப்படுகின்றன. சராசரிப் புலக் கோட்பாட்டில் மறைந்துவிடும் துகளிடைத் தொடர்புகள் இங்கு எஞ்சுகின்றன. மோதலில் துண்டுகள் உருவாவதும், ரேவன்ஹால், பெத்திக், வில்சன் ஆகியோர் 1983இல் முன்மொழிந்த ‘பாஸ்தா’ வடிவங்கள் தோன்றுவதும் முன்கூட்டியே புகுத்தப்படாமல் வெளிப்படுகின்றன. இதுவே இம்முறையின் வலிமை.

எனினும், நியூக்ளியானுக்கு ஏறத்தாழ 16 மெகா எலக்ட்ரான்வோல்ட் பிணைப்பாற்றல் கிடைப்பதை இம்முறைக்கான சான்றாகக் கொள்வது பொருந்தாது. அம்மதிப்பு கிடைக்கும் வகையிலேயே நிலையாற்றல் சார்பு அமைக்கப்படுகிறது. உண்மையான சோதனை வெப்பநிலை சார்ந்தது. 5 மெகா எலக்ட்ரான்வோல்ட் வெப்பநிலையில் நியூக்ளியானின் வெப்ப அலைநீளம் சுமார் 7 ஃபெர்மி. இயல்பு அடர்த்தியின் பத்தில் ஒரு பங்கில் துகள்களின் சராசரி இடைவெளியோ 4 ஃபெர்மி மட்டுமே. அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இந்நிலையில் பௌலி தவிர்ப்புத் தத்துவத்தைப் புறக்கணிக்க இயலாது. சுழி வெப்பநிலையில் செவ்வியல் துகள்கள் அசைவற்று நிற்கும். இயல்பு அடர்த்தியிலுள்ள ஃபெர்மி வளிமத்திலோ சராசரி இயக்க ஆற்றல் 22 மெகா எலக்ட்ரான்வோல்ட் அளவில் இருக்கும். உந்தம் சார்ந்த விலக்கு விசையைச் சேர்ப்பது இக்குறையைத் தணிக்கும்; பரிமாற்றச் சமச்சீரைத் தராது.

பாஸ்தா வடிவங்கள் பரப்பு இழுவிசைக்கும் மின்விலக்கத்திற்கும் இடையிலான போட்டியால் அமைபவை. ஆதலின் அவற்றைப் பற்றிய முடிவுகள் நம்பத்தக்கவை. வெப்ப ஏற்புத்திறன், நிலைமாற்ற வெப்பநிலை ஆகியவற்றுக்குக் கூறப்படும் எண்களை அதே நம்பிக்கையோடு ஏற்க இயலாது. இவ்விரண்டையும் பிரித்துரைப்பது ஆய்வாளரின் கடமையாகும்.